வெறும் வயிற்று மாத்திரையோடு விழுப்புரம் வரை

பேத்தி கயலுக்கு எட்டு வயது. சோறு நெஞ்சிலேயே நின்றுவிடும். வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துத்தான் இறக்குவாள். எல்லோரும் கை கழுவி எழுந்த பிறகும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் ஒவ்வாமை வீக்கம் என்றார்கள். மூன்று மாதம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தோம். போன வாரம் மறுபடி குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். அதன் முடிவைக் கேட்கத்தான் இந்தப் பயணம். வீக்கம் குறையாவிட்டால் முதலில் பாலை நிறுத்துவதாக டாக்டர் சொல்லியிருந்தார். பால் இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

திண்டிவனத்தில் ஏழு மணிக்கு பஸ் ஏறினோம். விழுப்புரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலாவது கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அவள் சாப்பிட்ட பிறகுதான் கொடுத்தோம். எங்கள் வீட்டில் எந்த மாத்திரையும் அப்படித்தான். விளக்கிச் சொல்லாதது ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பு. இன்றும் அதையேதான் சொல்வேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தபோது கேப்சூல் மாத்திரையைத் திறந்து, உள்ளே இருந்த குருணையை ஒரு ஸ்பூன் மசித்த ஆப்பிளில் தூவினேன். பக்கத்து இருக்கை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா பெரியவரே, பச்சப்புள்ளைக்கு வெறும் வயித்துல மாத்திரையா? வயிறு புண்ணாயிடும். ரெண்டு இட்லி ஊட்டிட்டுக் குடுங்க.”

“முன்னாடிதாம்மா குடுக்கணும்.”

“டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க!”

கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். “பஸ்லயே ஆஸ்பத்திரி நடத்திக்கினு கீறீங்களே, டிக்கெட்டு எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சுப்பா. நீ முன்னாடி போ.”

இந்தச் சாலை குறுகலாக இருந்த காலத்தில் கயலின் அப்பனை, சின்னப் பையனாக இருந்தபோது, விழுப்புரம் பக்கத்துக் காணை ஊரிலிருந்த அத்தை வீட்டுக்கு இப்படித்தான் கூட்டிப்போவேன். விக்கிரவாண்டியில் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம் ஜன்னல் வழியே வரும். ஆவியில் காகிதம் நனைந்திருக்கும். நாலு வேர்க்கடலைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பான். ‘பம்புசெட்டு’ என்று கூப்பிடுவோம், அவனும் சிரிப்பான். அதற்கு ஒரு நோயின் பெயர் இருக்கலாம் என்று அன்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இப்போது பஸ் பைபாஸிலேயே போய்விடுகிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் என் கை ஜன்னல் பக்கம் போகிறது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்டரைக்கே வந்துவிட்டார். “நல்லா கொறைஞ்சிருக்குங்க ஐயா. பால நிறுத்த வேணாம். மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.”

“அலர்ஜிக்கு எதுக்குங்க ஆசிட் மாத்திரை? நானும் படிச்சுப் பாத்தேன், ஒத்து வரலியே.”

“இது ஆசிட்ட மட்டும் கொறைக்கலீங்க, அலர்ஜி அணுக்கள அங்க கூப்பிடற சிக்னலையும் கொறைக்குது. எல்லாக் கொழந்தைக்கும் கேக்காது. இவளுக்குக் கேட்டிருக்கு.”

“இத மூணு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: எப்போது கொடுப்பது, எப்போது சாப்பிடுவது என்று வாய்விட்டுக் கேளுங்கள். குருணையை நசுக்காதீர்கள், கடிக்க விடாதீர்கள். குழந்தை தேறியதுபோல் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பஸ்ஸில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பஸ் நிலையம் எதிரே ஓட்டலில் உட்கார்ந்தோம். அவளுக்குத் தோசையும் பாலும், எனக்கு இட்லி. இரண்டாவது இட்லியை நான் பிட்டபோது அவள் கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

“இன்னா தாத்தா, இன்னும் சாப்டுக்கினே கீற?”