பிளாஸ்டிக் போர்த்திய கட்டில்கள்

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, நோயாளிகளுக்குத் துணையாக வருபவர்கள் தங்குவதற்கென்று ஓர் அறக்கட்டளை கட்டிய விடுதி அது. பன்னிரண்டு கட்டில்கள். கடையிலிருந்து வந்தபோது மெத்தைகளுக்கு இருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஆறு வருடமாக அங்கே கூட்டித் துடைக்கும் அவள், மெத்தையைத் தொட்டதே இல்லை. பிளாஸ்டிக்கைத்தான் துடைத்தாள்.

எல்லோரும் அவளை அழுத்தக்காரி என்பார்கள். புருஷன் செத்தபோதும் சரி, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தபோதும் சரி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஆனால் கண் சும்மா இருக்காது. நன்கொடை தருபவர்கள் வரும் நாளில் அறை திறக்கும்; படம் எடுப்பார்கள்; மறுபடி பூட்டு. மற்ற நாளெல்லாம் வாசலில் வந்து நிற்பவர்களிடம் மேனேஜர் "இடமில்லைம்மா" என்று சொல்வதை அவள் துடைப்பத்தோடு நின்று பார்த்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் ஒரு பெண் வந்தாள். மகனுக்கு முதுகில் ஆபரேஷன். நான்கு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே கிடந்ததில் கால்கள் வீங்கி மினுமினுத்தன.

"ஒரு மணி நேரம் கால நீட்டிக்கிறேன்க்கா."

மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அழுத்தக்காரி, கூட்டித் துடைப்பதற்காகத் தன்னிடம் இருந்த சாவியை எடுத்தாள். அறையைத் திறந்து, உறையைப் பல்லால் கடித்துச் சர்ரென்று கிழித்தாள்.

"படு."

திரும்பி வந்த மேனேஜர் குதித்தார். "யாரக் கேட்டுத் திறந்த? நாளன்னிக்கு டொனேஷன் குடுக்கறவங்க வராங்க! டிரஸ்ட்டுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"வாசக் கல்லுல வெட்டியிருக்கே. துணைக்கு வரவங்க படுக்க இடமில்லாம தவிக்கக் கூடாதுன்னு. அஞ்சாங் கிளாஸ் படிச்ச எனக்கே புரியுது."

"அடேங்கப்பா! உனக்கு வாயெல்லாம் இருக்கா?"

"பிளாஸ்டிக்குக்கு வலிக்குமேன்னு இத்தன நாளாப் பேசல சார்."

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

அவளுக்கு இனி வேறு வேலை தேடும் வயதில்லை. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"சரிங்க சார். கட்டில்ல ஆளப் படுக்க வெச்சதுக்காக நிறுத்துறோம்னு எழுதி, டிரஸ்ட்டு சீல் குத்திக் குடுங்க. நாளன்னிக்கு வரவங்ககிட்ட நானே காட்டிக்கிறேன்."

மேனேஜரின் கை சட்டைப்பைப் பேனா வரை போய் நின்றுவிட்டது.

"எழுதுங்க சார்."

அவர் முகம் கறுக்கத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் விடுவிடுவென்று தெருவைக் கடந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏறினாள்.

"எதிர்ல பதினோரு கட்டில் காலியாக் கெடக்கு," என்று தொண்டை கிழியக் கத்தினாள். "எழுந்து வாங்க!"