தனி அடுப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "எனக்கு வேலை கிடக்கு" என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருக்கோடி வேப்பமரத்தில் முனி இருக்கிறது என்று ஊரே சுற்றிக்கொண்டு போகும், நான் அந்த மரத்தில்தான் துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரிக் கதை இல்லை. நல்ல வெயில் ஏறிய காலை நேரம், என் கண்ணிலும் கோளாறு இல்லை, புத்தியிலும் கோளாறு இல்லை.

ஐம்பதுகளின் தொடக்கம். செங்கல்பட்டு மிஷன் பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பா அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர், எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அந்தக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அகதிகளுக்கான நிவாரணக் கமிட்டி ஒன்றில் கணக்கெடுக்கப் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும். சரி என்று போய்விட்டேன். என்னைச் சேர்த்துக்கொண்டதற்குப் படிப்பு காரணம் இல்லை. முஸ்லிம் பெண்கள் இருக்கிற குடிசைக்குள் ஆண்கள் போக முடியாது, அதற்கு ஒரு பெண்பிள்ளை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மகாபலிபுரத்துக்கு வடக்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில், சவுக்குத்தோப்பை ஒட்டி ரங்கூனிலிருந்து வந்தவர்கள் கொட்டகை போட்டிருந்தார்கள். பர்மாவில் கடை, வீடு என்று இருந்தவர்கள், கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் பாதிப் பேரும், காட்டுவழியே நடந்து பாதிப் பேருமாக வந்தவர்கள். பெரும்பாலும் நம் கரையோரத்துத் தமிழ் முஸ்லிம்கள்தான். அவர்களுக்கு வீட்டு மனை கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஆனால் எத்தனை குடும்பம் என்று யாருக்கும் தெரியாது. தாலுகா ஆபீஸ் ரேஷன் கார்டை எண்ணும். மிஷன்காரர்கள் பால்பவுடருக்கு வருகிற வாயை எண்ணுவார்கள். ஜமாத்தார் தலைக்கட்டை எண்ணுவார்கள், அதாவது வரி கொடுக்கிற ஆண்பிள்ளையை. மூன்று கணக்கும் மூன்று திசையில் நிற்கும். இந்த மூன்று பேரையும் ஒரே கணக்குக்குச் சம்மதிக்க வைப்பதுதான் எங்கள் கமிட்டியின் வேலை. மூன்று பெண்டாட்டிக்காரன் வீட்டுப் பஞ்சாயத்தே தேவலை என்பார் எங்கள் ராகவன் சார். அவர்தான் கமிட்டியின் தலைமைக் கணக்கர், எனக்குப் பயிற்சி கொடுத்தவர்.

கடைசியில் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளை எண்ண வேண்டாம், அடுப்பை எண்ணுவோம், ஓர் அடுப்புக்கு ஒரு மனை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் முன்கூட்டியே சொன்னால் வீட்டுக்கு நாலு அடுப்பு முளைத்துவிடும் என்பதால் நாளையும் சொல்லவில்லை, சோதிக்கிற விதத்தையும் சொல்லவில்லை. எண்ணுகிற அன்று காலையில்தான், மகாபலிபுரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வைத்து, எனக்கும் ஜமாத் சார்பாக வந்த கரீம் பாய்க்கும் காதோடு சொன்னார். "கல்லைப் பார்த்து எழுதாதீங்க. சாம்பல்ல கை வெச்சுப் பாருங்க. சூடு இருந்தா குடும்பம், இல்லன்னா இல்ல. மனுஷன் பொய் சொல்லுவான், சாம்பல் சொல்லாது." எங்கள் மூன்று பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

இப்போது ஜைத்தூன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரீம் பாயின் தம்பி மனைவி. இரண்டு பெண் குழந்தைகளோடு முதலில் கப்பலில் வந்துவிட்டாள். கடையை விற்றுவிட்டு வருகிறேன் என்று நின்ற புருஷன் அப்புறம் காட்டுவழியில் நடந்து வருவதாகச் சேதி வந்தது, ஆள் வரவில்லை. முதல் தடவை போனபோதே என் கையைப் பிடித்துக்கொண்டாள். படித்த பெண் என்றால் அவளுக்கு டீச்சர்தான். "டீச்சரம்மா, எங்க பெரிய மச்சான் என்னிய அவர் அடுப்புல சேத்து எழுத சொல்வாரு. ஒத்துக்காத. நான் தனியாத்தான் பொங்கறேன். அங்க போனா நானும் எம் பொண்ணுங்களும் ஆயுசுக்கும் அந்த வூட்டு சட்டி கழுவிகினு கெடக்க வேண்டியதுதான்" என்றாள். அந்த மனை ஒன்றுதான் அவளுக்கு இருந்த பிடி. கரீம் பாயையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தம்பி பெண்டாட்டி தனியாக நின்றால் ஊர் தன்னைக் காறித் துப்பும் என்பது அவர் கவலை.

அன்று காலையிலிருந்தே எனக்கு ஒரு நிலைகொள்ளாமை. தெற்கத்திக் காற்று, கண்ணெல்லாம் மணல், டீ கூட இறங்கவில்லை. வரிசையாகக் குடிசைக்குள் குனிந்து போவேன், சாம்பலில் கை வைப்பேன், சூடு இருந்தால் அடுப்புக் கல்லில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு வெளியே வந்து பாயிடம் சொல்லி, என் நோட்டில் குறித்துக்கொள்வேன். முக்கால்வாசி முடிந்தபோது ஒருத்தர் 'என் அடுப்பை விட்டுட்டீங்க' என்று பாயைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றார். எனக்கோ ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. நான் பாட்டுக்குக் கடைசிக் குடிசைக்கு நடந்துவிட்டேன். அது ஜைத்தூன் அக்காவுடையது.

வாசல் படல் திறந்திருந்தது. உள்ளே அடுப்படியில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, முகம் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு புகை. இடது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு ஊதினார். அது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது.

"குனிஞ்சு வாம்மா, மேல வாரைக் கட்டை தலையில இடிக்கும்" என்றார்.

"ஜைத்தூன் அக்கா இல்லையா?"

"பக்கத்து வூட்டுல கீது. நீ உன் வேலைய பாரு."

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். இந்த அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?

"அதுவும், அதோட ரெண்டு பொண்ணுங்களும்."

"நீங்க?"

"என்னிய எழுதாத. நான் இன்னும் சாப்புடல."

ஏதோ உறவுக்காரர், வீம்பு பிடித்த மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவரே, "தொட்டுப் பாரு. நல்லா கைய வெச்சுப் பாரு. அப்பால போயி இல்லன்னு சொல்லக் கூடாது" என்றார். நான் கையை வைத்தேன். நெருப்புத் துண்டு ஒன்று சாம்பலுக்குள் இருந்திருக்க வேண்டும், சுரீர் என்று பட்டது, "அய்யோ ஆண்டவரே" என்று கத்திவிட்டேன்.

"சுட்டுச்சா?" என்றார். "சுடணும்."

கல்லில் கோடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பயமெல்லாம் இல்லை, விரல் எரிச்சலில் எரிச்சலாகத்தான் வந்தேன். இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் வரவில்லை.

கிணற்றடியில் சார் உட்கார்ந்து என் நோட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்து, நாங்கள் மூன்று பேரும் ஒத்துக்கொண்ட பிறகு எழுதினார். ஜைத்தூன் பெயர் வந்ததும் கரீம் பாய் கையைத் தூக்கினார். "அது எப்டி சார்? முந்தாநாளுதான் என் தம்பி மவுத்தாயிட்டான்னு சேதி வந்துச்சி. காட்டுலயே போயிட்டானாம். மூணு நாளு அந்த வூட்டுல அடுப்பு மூட்ட மாட்டோம். அக்கம்பக்கத்துலருந்துதான் கஞ்சி போவுது. சூடு எங்கருந்து வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எந்த மதமானாலும் நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். அத்தனை யோசித்து விதி போட்ட எங்கள் சாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் நான் கை வைத்தேனே, சுட்டதே! "நான் பாத்தேன் சார், ஒரு ஆளு அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தாரு" என்றேன். நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று சார் கிளம்பிவிட்டார்.

போய்ப் பார்த்தால் படல் வெளிப்பக்கம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறது. பக்கத்துக் குடிசையிலிருந்து ஜைத்தூன் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள், அழுது வீங்கிய முகம். சேதி வந்ததிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாளாம். முடிச்சை அவிழ்க்க அவளுக்கே நேரம் பிடித்தது. உள்ளே ஆள் இல்லை. புகை இல்லை. கரீம் பாய் சாம்பலை அள்ளிக் காட்டினார், கடற்காற்று பட்டு ஈரம் கோத்துக் கட்டிகட்டியாக இருந்தது. ஆனால் அடுப்புக் கல்லில் என் சாக்கட்டிக் கோடு இருந்தது. நான் போட்ட கோடுதான்.

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இரக்கப்பட்டு இந்தப் பெண் பொய்க் கோடு போட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. கையை விரித்துக் காட்டினேன். மூன்று விரல் நுனியிலும் கொப்புளம். "அது எப்போ பட்டதோ" என்றார் சார். "சாம்பல் ஆறியிருக்கு. விதி விதிதான்மா." ஜைத்தூன் அக்கா படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மனை என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

"யாரு ஊதிகினு இருந்தது? எப்டி இருந்தான் ஆளு?" என்று கரீம் பாய் நக்கலாகத்தான் கேட்டார்.

"மூஞ்சி தெரியல பாய். ஒல்லியா இருந்தாரு. இப்படி எடது காதைப் பொத்திக்கிட்டு ஊதினாரு" என்று செய்து காட்டினேன்.

பாய் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "சின்ன வயசுல நான் அறைஞ்சேன். காது ஜவ்வு கிழிஞ்சி போச்சி. ஊதுனா காத்து அந்தக் காது வழியா வரும், வலிக்கும். பொத்திகினுதான் ஊதுவான்" என்றார். ஜைத்தூன் அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பாய் என்னைப் பார்த்துக் கேட்டார், "என்னிய பத்தி எதுனா சொன்னானா?"

இல்லை என்றேன். அவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க சார். தனி அடுப்புதான்" என்றார். சார் எழுதினார்.

அவளுக்கு மனை கிடைத்தது. நான் அதோடு அந்த வேலையை விட்டுவிட்டு டீச்சர் டிரெயினிங் போய்விட்டேன். ஆனால் பல நாள் தூக்கம் வரவில்லை. செத்தவர் வந்தார் என்பதைக்கூட எப்படியோ விழுங்கிக்கொள்ளலாம். 'தொட்டுப் பாரு' என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? டீக்கடையில் எங்களோடு எங்கே நின்றிருந்தார்? என் பின்னாலா, பக்கத்திலா? புரண்டு புரண்டு படுப்பேன்.

அடுத்த வருஷம் பரீட்சை முடிந்ததும் ஒரு நாள் ஜைத்தூன் அக்காவைப் பார்க்கப் போனேன். சொந்தக் குடிசை போட்டு, வாசலில் ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். பெண்கள் இரண்டும் கொழுகொழு என்று இருந்தன. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வற்புறுத்திச் சாப்பிட வைத்தாள். கை கழுவும்போது மெதுவாகக் கேட்டாள், "மூஞ்சி தெரியலன்னியே டீச்சரம்மா, வேற இன்னாதான் தெரிஞ்சிது?"

யோசித்துப் பார்த்தேன். அது வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. "காலு தெரிஞ்சுது அக்கா. முழங்கால் வரைக்கும் செவப்பு சேறு" என்றேன்.

நம் கடற்கரையில் ஏது சிவப்புச் சேறு, எங்கு பார்த்தாலும் மணல்தான். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"காஞ்சி இருந்திச்சா, ஈரமா இருந்திச்சா?"

"ஈரமாத்தான் இருந்துது."

அவள் முகம் மாறிய மாதிரியை என்னால் சொல்ல முடியாது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். "சேறு காயலன்னா, இன்னும் வந்து சேரல" என்றாள். "இன்னும் அந்தக் காட்டுல நடந்துகினுதான் கீறாரு."

வந்து சேரவில்லை என்றால் அன்றைக்கு அடுப்பு ஊதியது யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. உள்ளே போனவள் ஒரு தட்டில் சோறு போட்டு, மூடிவைத்து, படலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள். 'என்னிய எழுதாத, நான் இன்னும் சாப்புடல' என்ற அந்தக் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எந்த வீட்டிலாவது தட்டு மூடியிருந்தால், அதைத் திறந்து பார்க்க இன்றைக்கும் எனக்குக் கை வராது.