மலைக்குப் போகும் வழியில் சம்பந்தி வீடு

கொழும்பில் மலை இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்கிசைக்கு வெள்ளைக்காரன் மவுண்ட் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். போய்ப் பார்த்தால் கடலும் ஒரு ஹோட்டலும்தான். அந்தக் கல்கிசையில்தான் என் மகள் இருக்கிறாள், படியே இல்லாத வீட்டில். நான் வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில், தனியே. எங்கள் பிளாட்டின் லிஃப்ட் ஏழு மாதமாகப் பழுது.

"அம்மா, சாமானைக் கட்டுங்கோ. இது ஐஞ்சு மாடி ஏறுற வயசோ?" என்று மகள் கிழமைக்கு இரண்டு தரம் ஃபோன் எடுப்பாள்.

எனக்குப் போக விருப்பமில்லை. மகள் வீட்டில் ஏழு மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள். பிறகு நான் பிரிட்ஜோடுதான் கதைக்க வேண்டும். வெள்ளவத்தையில் அப்படியா? சந்தைக்குப் போய் வந்தால், முதலாம் மாடியில் டீச்சர் வீட்டில் ஒரு தேத்தண்ணி. இரண்டாம் மாடியில் பால் விடாத தேத்தண்ணி, பால்மா விற்கிற விலைக்கு அவர்களைக் குறை சொல்ல ஏலாது. மூன்றாம் மாடியில் ஒரு மருமகள், தன் மாமியைப் பற்றிச் சொல்ல ஆள் தேடிக்கொண்டு நிற்பாள். நாலாம் மாடியில் தேத்தண்ணியோடு முறுக்கும் வரும். ஒருநாள் மகள் கேற்றிலிருந்து என் கதவு வரைக்கும் நேரம் பிடித்துப் பார்த்தாள். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும்.

"இவ்வளவு நேரத்துக்கு பஸ்ஸில நீர்கொழும்புக்கே போயிடலாம்" என்றாள். "உங்களுக்கு ஏலாமத்தான் ஒவ்வொரு வீட்டிலயும் குந்தி இருக்கிறியள்."

"நீ என்ன கதைக்கிறாய்? நான் மலையே ஏறுவன்!"

வாய்தானே, வந்துவிட்டது. மகள் உடனே ஃபோனை நீட்டினாள். ஏதோ வெளிநாட்டு ஊர். டவுன் நடுவிலிருந்து நடந்து ஒரு மலை உச்சிக்குப் போய், ஊரைப் பார்த்துவிட்டு, வேறு வழியால் சுற்றித் தொடங்கின இடத்துக்கே வருகிறார்களாம். படத்தில் என் வயசு மனிசி ஒருத்தி கட்டைக் காற்சட்டையோடு நின்றாள்.

"இப்பிடி ஒண்டு செய்து காட்டுங்கோ. ஏறி முடியிற வரைக்கும் எங்கயும் குந்தி இருக்கக் கூடாது, தேத்தண்ணி குடிக்கக் கூடாது. செய்தா, இனி நான் சாமான் கட்டுற கதையே எடுக்க மாட்டன்."

"சாட்சிக்கு ஆர்?"

"என்ர மாமி."

அங்கேதான் நான் மாட்டினேன். மகளின் மாமி, என் சம்பந்தி, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க மனிசி. என்னைவிட இரண்டு வயது கூட. தங்கமான ஆள், ஆனால் பொய் சொல்ல மாட்டா. சொன்னால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகளின் கலியாணப் பேச்சிலேயே, "என்ர மகன் குறட்டை விடுவான்" என்று முதல் வசனமாகச் சொன்னவ.

மலையை அவதான் கண்டுபிடித்தா. கொட்டாஞ்சேனைக்குப் பின்னால் ஊர்க் குப்பையெல்லாம் வருசக் கணக்காய்க் கொட்டி எழும்பின மேடு ஒன்று இருக்கிறது. இப்போது கொட்டுவதில்லை. "கொழும்பில எங்களுக்கெண்டு இருக்கிற மலை அதுதான், தங்கச்சி" என்றா.

பௌர்ணமி லீவு வருகிற ஒரு போயா நாள் காலமை, கோட்டை ஸ்டேசன் வாசலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நான் நடக்கத் தொடங்கினேன். சம்பந்தி பக்கத்தில் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தா. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் தட்டுகிறாள். என் பேச்சை ஏன் மாற்றுகிறாய் என்றால், "அம்மம்மா, இது அச்சில வாறது" என்கிறாள். ஆனால் புறக்கோட்டையில் எனக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. கருவாட்டு மணம் வந்தால் ஒரு தெரு, பெருங்காயம் வந்தால் இன்னொரு தெரு. ஒன்றும் மணக்காமல் கண் மட்டும் கூசினால் அது செட்டியார் தெரு, நகைக்கடைகள். அங்கே கோயில் வாசலில் நின்றபடி ஒரு கும்பிடு. "நிண்டதுதான், இருக்கேல்ல" என்று சம்பந்திக்கு ஞாபகப்படுத்தினேன்.

"பாத்தனான், பாத்தனான்" என்றா அவ, செபத்தை நிறுத்தாமலே.

ஜிந்துப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கினது. வழியில் ஒரு சிங்கள முதலாளி கடை திறந்துகொண்டிருந்தார். மலைக்குப் போகிறோம் என்று நான் பெருமையாய்ச் சொன்னேன். "கொளம்பே கந்தக் நே, அம்மே" என்றார். கொழும்பில் மலை இல்லையாம். பிறகு எங்கள் செருப்பைப் பார்த்தார், செபமாலையைப் பார்த்தார், இரண்டு தோடம்பழ இனிப்பை எடுத்துக் கையில் தந்தார். பைத்தியங்களுக்குக் கொடுப்பதுபோல.

அதுவரைக்கும் எல்லாம் சரி. சம்பந்தியின் வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மலைக்கு வழி அந்த வாசலால்தான்.

சம்பந்தி வீட்டு வாசலைத் தாண்டி, உள்ளே கால் வைக்காமல், வாய் நனைக்காமல் போக முடியுமா? போனால் அந்த ஒழுங்கை முழுக்க மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும், இரண்டு வீட்டுக்கும் கோபம் என்று. உள்ளே போனால் இருக்கச் சொல்வார்கள். இருந்தால் என் ஐந்தாம் மாடி போய்விடும்.

சம்பந்தி வாசலில் நின்று கையைப் பிசைந்தா. "நீ குடிக்காமப் போனா எனக்கு மரியாதை இல்ல. நீ இருந்தா நான் மறைக்க மாட்டன்."

"அப்ப நான் இருக்காமக் குடிக்கிறன், அக்கா."

"நிண்டுகொண்டு குடிக்க நீ என்ன கடிதம் கொண்டு வந்த தபால்காரனோ? என்ர வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் குடிச்சதில்ல."

"நடந்துகொண்டு குடிச்சா?"

அவ யோசித்தா. அதற்கு எதிராக ஒரு வழக்கமும் அவவுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணி கூடாது என்பதால் கோப்பி போட்டா. நான் கோப்பிக் கோப்பையோடு விறாந்தை பெரிசாக இல்லாத அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தேன். எனக்குப் பின்னால் சம்பந்தி கேக் தட்டோடு நடந்தா, "இன்னொரு துண்டு எடு, இன்னொரு துண்டு எடு" என்று. மேசை நடுவில் மாதா சுரூபம், பூவோடும் மெழுகுதிரியோடும். என் கால் கோயில் பழக்கத்தில் வலப்பக்கமாகவே சுற்றினது. மூன்றாம் சுற்று முடிகிற இடத்தில் கோப்பியும் முடிந்தது.

யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மனிசி கேட்டாள், "ஆன்ட்டி, என்ன, நேர்த்திக்கடனோ?"

"ஓம்" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தி முந்திக்கொண்டா. "இல்ல மகள், லிஃப்ட் பழுது" என்றா. அந்தப் பெண் யன்னலை மெல்லச் சாத்தினாள்.

குப்பை மலையை மணத்தை வைத்துப் பிடித்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு மணமும் இல்லை! இடுப்பளவு புல்லு, மஞ்சள் பூ, ஆமணக்கு. ஆடுகள் மேய்ந்துகொண்டு நின்றன. ஏறினேன், பிள்ளைகளே. கால் வைக்கிற இடமெல்லாம் மெத்தைபோல அமிழ்ந்தது. எத்தனை வீட்டுச் சாமானோ உள்ளே. நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் எறிந்த ஓட்டைச் சட்டியும் இங்கேதான் எங்கேயோ கிடக்கும். அதற்கு மேல்தான் ஏறுகிறேன் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது.

பாதி வழியில் பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால், மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய வெள்ளைக் கொமட் பாதி வெளியே நிற்கிறது, அதன்மேல் என் சம்பந்தி.

"எனக்கு ஏலாது. நீ போ."

"நீங்க வராட்டி ஆர் சாட்சி?"

"இஞ்ச இருந்தே பாக்கிறன்."

"உச்சியில என்னைக் கண்டனீங்களோ எண்டு அவள் கேப்பாள். என்ன சொல்லுவியள்?"

அவ கண்ணை மூடினா. காணாததைக் கண்டேன் என்று சொன்னால் சனிக்கிழமை சுவாமியார். "ஆண்டவரே" என்று எழும்பினா. என் சேலைத் தலைப்பின் ஒரு நுனியை அவ பிடித்தா, நான் முன்னால் இழுத்தேன். ஸ்டேசனில் இஞ்சின் இழுக்கிறதுபோல இரண்டு பேரும் மேலே போனோம்.

மேலே அந்த ஆடுகளை மேய்க்கிற முஸ்லிம் நாநா ஒருவர் பிளாஸ்கோடு இருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "உச்சி வந்தாச்சு!" என்று கத்தினேன்.

"இது உச்சி இல்ல, உம்மா" என்றார் அவர். "போன வருசம் உச்சி இங்கதான் ஈந்த. இது தாழ்ந்து பெய்த்து. இப்ப உச்சி அங்கால."

"எங்கால?"

"அந்தக் கறுத்த ஆடு நிக்கிற இடம். அது உச்சியிலதான் நிக்கும்."

கறுத்த ஆட்டை நோக்கிப் போனோம். ஆடு எங்களைக் கண்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றது. சம்பந்தி விடவில்லை, ஆடு நிற்கிற இடம்தான் உச்சி என்று அதையும் துரத்தினா. கடைசியில் ஆட்டுக்குப் பக்கத்தில், அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அங்கேயிருந்து துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் கொக்குக் கூட்டம்போலத் தெரிந்தன. கப்பல்கள், கோயில் கோபுரம், மாதா கோயில், தாமரைக் கோபுரம். தெற்கே தூரத்தில் மாடி மாடியாய் மங்கலாக ஒரு வரிசை. அதில் எது என் வீடென்று தெரியாது, ஆனாலும் அதுதான் என்று ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

சம்பந்தி மகளுக்கு ஃபோன் எடுத்து எல்லோருக்கும் கேட்கிறமாதிரிப் போட்டா.

"ஏறினவவோ, மாமி?"

"ஏறினா. ஆட்டைவிட உயரத்தில நிக்கிறா."

"இருந்தவவோ?"

"இல்ல. நான்தான் இருந்தனான்."

"ஒண்டும் குடிக்கேல்லையோ?"

சம்பந்தி என்னைப் பார்த்தா. நான் ஆட்டைப் பார்த்தேன். "என்ர வீட்டில கோப்பி குடிச்சவ. கேக்கும் திண்டவ. நாலு துண்டு."

நான் ஆட்டின் கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"இருந்து குடிச்சவவோ?"

"மேசையைச் சுத்தி நடந்து குடிச்சவ, மகள். மூண்டு சுத்து. நான் பின்னால தட்டோட போனனான்."

அங்கே ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் பேச்சு வரவில்லை. "சரி, சுத்தி ஸ்டேசனுக்கு வாங்கோ. நான் வாறன்" என்று வைத்துவிட்டாள்.

துறைமுக மதில் ஓரமாக, வேறு வழியால் திரும்பி நடந்தோம். ஸ்டேசன் வாசலில் மகள் நின்றாள், கையில் இரண்டு தேத்தண்ணி. நான் உடைத்த தேங்காய்ச் சிரட்டை இன்னும் அங்கேதான் கிடந்தது. அதற்குப் பக்கத்துப் படியில் குந்தி, அன்றைய முதல் தேத்தண்ணியைக் குடித்தேன். மகள் சாமான் கட்டுகிற கதையே எடுக்கவில்லை.

பின்னேரம் என்னை விட வெள்ளவத்தைக்கு அவளும் வந்தாள். செய்தி எப்படியோ பிளாட்டுக்கு முந்திப் போயிருந்தது. முதலாம் மாடியிலேயே கதவு திறந்தது. "மலையேறின ஆள் வாறா!" என்று டீச்சர் தேத்தண்ணியோடு நின்றா. இரண்டாம் மாடியில் அன்றைக்குப் பால் விட்டிருந்தார்கள். மூன்றாம் மாடி மருமகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள், நான் சொன்னேன், கறுத்த ஆடு வரைக்கும்.

நாலாம் மாடியில் முறுக்கைக் கண்டதும் மகள் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"அம்மா, எனக்குக் கால் ஏலாது. கொஞ்சம் இருந்திட்டுப் போவம்."