செவ்வழுகலும் சிவமலர் அக்காவும்

பயிருக்கு வைத்தியம் பார்க்கும் தொழிலில் நோயாளி வாய் திறப்பதில்லை. அதற்கும் சேர்த்து உரிமையாளர் திறப்பார். விவசாயப் போதனாசிரியையாக மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஸ்கூட்டியில் அலைகிற எனக்கு இது பழகிவிட்டது. ஊர் ஊராகப் போய்ப் புத்தி சொல்லுகிற எந்த உத்தியோகத்தில் நீங்கள் இருந்தாலும், உங்களுக்கும் பழகியிருக்கும். நாங்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளாவிட்டால் வேறு யார் தேற்றப் போகிறார்கள்?

எண்ணெய்

எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்துக்கு எண்ணெய் என்று பெயர். பழுகாமத்துத் தருமண்ணன் பொங்கல் கரும்பு செய்கிறவர். இளங்கரும்பில் நடுக்குருத்துக் காய்கிறது என்று கூப்பிட்டார். போய் ஒரு குருத்தைப் பிடித்து இழுத்தேன், நாற்றத்தோடு கையில் வந்தது. குருத்துத் துளைக்கும் புழு. காய்ந்ததை அடியோடு வெட்டி அழித்து, மண் அணைத்தால் போதும் என்றேன். அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று.

என்னைக் கூப்பிடும் முன்பே கடைக்குப் போய் மூன்று வகை எண்ணெய் வாங்கி, ஒரே தாங்கியில் கலந்து அடித்துவிட்டாராம். வெட்டிய தண்டைப் பிளந்தேன். உள்ளேயிருந்த புழு ஒரு குறையுமில்லாமல் என் உள்ளங்கையில் ஊர்ந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அவரிடமே நீட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"சாகல்லதான் மிஸ். ஆனா நல்லாப் பயந்திருக்கும்."

கறுப்புச் சாட்டை

சில மாதம் கழித்து அதே தருமண்ணனின் கரும்பு நுனியிலிருந்து கறுப்பாக, நீளமாக, சாட்டை போல ஒன்று வளைந்து வந்தது. கரிப்பூட்டை நோய். அதில் அப்பியிருக்கும் கறுப்புத் தூள்தான் நோயின் விதை. ஆடாமல் அசையாமல் சாக்கால் மூடி, வெட்டி, எரிக்கவேண்டும் என்று தொலைபேசியில் படித்துப் படித்துச் சொன்னேன்.

மறுநாள் போனால், தோட்டத்து வாசல் கம்பத்தில் நாலைந்து சாட்டைகளைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கச்சான் என்கிற மேல்காற்றில் தூள் வயல்வட்டை முழுக்கப் பறக்கிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. என்ன அண்ணன் இது என்றால், கண்ணூறு கழிக்கவாம்.

"இவ்வளவு அவலட்சணத்தைக் கண்டா ஆர்ர கண் மிஸ் மறுகா கரும்புக்குப் போகும்?"

வெள்ளத்தின் மிச்சம்

சிவமலர் அக்காவின் நிலம் தருமண்ணனுக்கு அடுத்தது. மாரி வெள்ளம் அவருடைய நெல்லை ஒரு பிடி மிச்சமில்லாமல் அழித்துவிட்டது. சற்று மேட்டில் நின்ற கரும்பு மட்டும்தான் தப்பியது. பொங்கலுக்கு அதை வெட்டினால்தான் வீட்டுக்கு அந்த வருடம் என்று ஒன்று உண்டு.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பள்ளப் பக்கத்தில் தோகைகள் மஞ்சளாகிக் காய்வதைக் கண்டேன். ஒரு கரும்பைப் பிளந்தேன். உள்ளே சிவப்பு, இடையிடையே வெள்ளைத் திட்டு, புளித்த கள் மணம். செவ்வழுகல். இதற்கு எந்த எண்ணெயும் இல்லை, பள்ளப் பக்கத்தை அடிக்கட்டையோடு தோண்டி எரியுங்கள், இல்லாவிட்டால் மேட்டுப் பக்கமும் போய்விடும் என்றேன். அக்கா அழவில்லை, கோபிக்கவுமில்லை.

"வெள்ளம் கொண்டுபோனது காணாதெண்டு மிச்சத்த நெருப்புக்குக் குடுக்கச் சொல்லுறீங்க, என்ன மிஸ்?"

அன்று கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இல்லை என்ற சொல்

செய்யமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை போனபோது பள்ளப் பக்கம் வெறும் குழிகளாகக் கிடந்தது. ஒரு மூலையில் புகை. மேட்டில் சில வரிசை மட்டும் நின்றது. புகையில் கறுத்துப்போன முகத்தோடு அக்கா நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தருமண்ணன் வந்தார். அவருடைய கரும்பு கரிப்பூட்டையில் போய்விட்டது. மேட்டில் நிற்பதில் கொஞ்சம், கணுக் கணுவாக வெட்டி நட, விதைக்கு வேண்டும் என்றார். விதை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அனுப்பியவருக்கு அடுத்த போகம் விளங்காது என்பது எங்கள் ஊர் வழக்கம். இந்த நோய் ஊர் ஊராகப் போவதும் அந்த நல்ல மனதால்தான். வெளியே பச்சையாக நிற்கும் கரும்புக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். நான் வாய் திறக்குமுன் அக்கா நிமிர்ந்தார். "தின்னக் கேளுங்க, எத்தினை எண்டாலும் தாறன். நட ஒரு கணுவும் தரமாட்டன்."

தருமண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தார். நீங்கள் செய்ததுதான் சரி என்று அக்காவிடம் ஏதோ உளறினேன். அவர் நெருப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"இனி ஊருக்குள்ள இந்த நோய் வந்தா உங்களை ஏசுவாங்க மிஸ். வராட்டி, சும்மா விதை மறுத்தவள் எண்டு சாகுமட்டும் என்னை ஏசுவாங்க."

இந்த உத்தியோகத்தில் நாங்கள் உருப்படியாகச் செய்ததெல்லாம் நடக்காமல் தடுத்த கேடுகள்தான் என்பதால், அதற்கு நன்றி சொல்ல இதுவரை ஒருவரும் வந்ததில்லை.