பல்லில் ஏறிய சாயா நிறம்

தென்காசியில் பல் டாக்டரின் அறைக்கு வெளியே அவரைச் சந்தித்தேன். கடையநல்லூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். உட்காருவார், எழுந்து வாசல்வரை போவார், திரும்புவார். பேசும்போதெல்லாம் மேலுதட்டை இழுத்து முன்பல்லை மூடிக்கொண்டார்.

"ரொம்ப வலிக்குதா பாய்?" என்று கேட்டேன்.

"வலி இல்ல. உடைஞ்ச பல்லுக்குச் சவுதியில பில்லிங் வச்சேன். அங்கன நாளெல்லாம் பால் ஊத்தாத கட்டன்சாயாதான். சொந்தப் பல்லு வெள்ளையாத்தான் இருக்கு. பில்லிங் வச்ச பாதி மட்டும் கறையேறிக் கறுத்துப்போச்சு."

"அதுக்கா இப்படித் தவிக்கீங்க?"

அவர் குரல் தாழ்ந்தது. "மூணு வயசு மக. என்னைய போன்ல மட்டுந்தான் பாத்திருக்கா. அதுல கறை தெரியாது. நேர்ல வந்து சிரிச்சதும் பயந்துட்டா. போன்ல வாரவுகதான் அத்தாவாம், நான் வேற ஆளாம். நாளைக்கு எனக்குத் திரும்பிப் போக பிளைட்டு."

டாக்டர் பழைய பில்லிங்கை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். "ரெண்டு நாளைக்குச் சாயா, மஞ்சள் போட்ட குழம்பு எதுவும் கூடாது" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. வெளியே வந்தவர் என்னிடம் பல் தெரியச் சிரித்துக் காட்டினார். நன்றாகவே இருந்தது.

சன்னல் வழியே பார்த்தேன். சாரலில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே மனைவியும் மகளும். அவர் குனிந்து சிரித்தார். குழந்தை தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் நனைந்தபடியே போனை எடுத்து, எதிரே இருந்த மனைவிக்கே வீடியோ கால் போட்டார். திரையில் அத்தாவைக் கண்டதும் மகள் கைகொட்டிச் சிரித்தாள். பிறகு தலையைத் தூக்கி, வெளியே நிற்பவரைப் பார்த்தாள்.

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவள் அவரிடம் போனாளா, போனையே பார்த்துக்கொண்டிருந்தாளா என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.