அடிக்கு ஒருத்தி, அணைப்புக்கு ஒருத்தி

டூப்பக்காவுக்கு அன்றைக்குக் காலையில் கன்னத்தில் இரண்டு அறை, ஒரு முடியிழுப்பு, ஒரு படிக்கட்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

தொலைக்காட்சித் தொடரில் நாயகி வாங்க வேண்டிய அடிகளை வாங்குவதுதான் அவள் வேலை. நாயகிக்கும் அவளுக்கும் ஒரே உயரம், ஒரே முதுகு. வயதில் பத்துப் பன்னிரண்டு வித்தியாசம் உண்டு. முதுகில் அது தெரியாது. பழைய மெத்தையிலிருந்து வெட்டிய நுரைத் துண்டுகளை முழங்காலிலும் இடுப்பிலும் வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்வாள். மேலே நாயகியின் உடை, தலையில் நாயகியின் கூந்தல். கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கம் யாரோ, முன்பக்கம் இவள்.

அறை வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாயகனின் கை கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் போகும். அது கன்னத்துக்கு நேராக வரும் அந்தக் கணத்தில் முகம் திரும்ப வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். பிந்தினால்கூடச் சமாளிக்கலாம். முந்தினால் போச்சு.

"கை வரதுக்கு முன்னாடியே மூஞ்சி திரும்புதுக்கா! இன்னொரு டேக்!" என்று இயக்குநர் கத்துவார்.

இவள் வேண்டுமென்று முந்துவதில்லை. குறி தப்பி ஒரே ஒரு தடவை நிஜமாகப் பட்டுவிட்டால் போதும். அதற்கப்புறம் கை தூக்கினாலே கழுத்து தானாக ஒதுங்கும். புத்தி "பொய்தான், பொய்தான்" என்று சொல்லும். உடம்புக்குக் காது கிடையாது.

அன்றைக்கும் படிக்கட்டில் உருண்டு கீழே வந்து அசையாமல் கிடந்தாள். "கட்!" என்றதும் எழுந்து தூசி தட்டிக்கொண்டு ஓரமாகப் போனாள். அவள் கிடந்த அதே இடத்தில் நாயகி வந்து பதமாகப் படுத்துக்கொண்டாள். ஒப்பனைக்காரர் உதட்டோரத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். நாயகன் ஓடிவந்தான், அவளை அள்ளித் தூக்கினான், "உன்மேல உயிரை வச்சிருக்கறதாலதானே எனக்குக் கோவம் வருது" என்று அழுதான், தன் கையாலேயே களிம்பு பூசிவிட்டான். தொடர் தொடங்கிய நாளிலிருந்து அதிகப் பேர் பார்ப்பது இந்தக் களிம்புக் காட்சிகளைத்தான். அதனால் வாரத்துக்கு ஒரு களிம்பு. களிம்பு வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு அடி.

"அக்கா, ஒரு நாளாவது உன்னையும் தூக்கச் சொல்றேன்" என்றான் விளக்குக்காரன்.

"வேணாம்ப்பா. அவருக்கு இடுப்புப் புடிச்சுக்கிட்டா அதுக்கும் நான்தான் டூப்பு போடணும்."

வீட்டிலும் தொடரிலிருந்து தப்பிக்க முடியாது. அவள் குடியிருந்த மூன்றாம் மாடியில் சாயங்காலமானால் எல்லாக் கதவுக்குப் பின்னாலும் அதே இசை, அதே பளார்ச் சத்தம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பவள்.

"நேத்து என்னா அடி! ஆனா அடிச்சுட்டு அழுதான் பாரு, நான் உருகிட்டேன் போ."

"அடி வாங்குனவ நானு. நீங்க எதுக்கு உருகுறீங்க?"

"அடிக்கிற கைதான் அணைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

"என்னைய எந்தக் கையும் அணைக்கலையேம்மா. அடிச்சு முடிச்சதும் ஓரமா போன்னுட்டாங்க. அடிக்கு ஒருத்தி, அணைப்புக்கு ஒருத்தி. ரெண்டையும் ஒரே உடம்புல வாங்குனவ எவளாவது இருந்தா கூட்டிட்டு வாங்க, விசாரிப்போம்."

தையல்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். டூப்பக்காவும் சிரித்தாள்.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் போனபின், தங்கையைப் படிக்க வைத்தது விழுந்து எழுந்த இந்த உடம்புதான். தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அந்தக் கடைக்குக் குளிர்சாதனம் பழுது பார்க்க வந்த மெக்கானிக்கும் அவளும் விரும்பினார்கள். பையன் வாட்டசாட்டமாக இருந்தான், வாய் நிறைய "அக்கா, அக்கா" என்றான். அடுத்த மாதம் கல்யாணம். டூப்பக்காவுக்கு வேறு கனவு எதுவும் இல்லை. தங்கை ஒரு நல்ல வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவன் வந்திருந்தான். சுவரில் இருந்த பழைய ஏசியை அண்ணாந்து பார்த்தான்.

"என்னக்கா, இது கிழவன் மாதிரி இருமுது?"

மூடியைத் திறக்கக் கையை மேலே தூக்கினான். பக்கத்தில் தேநீரோடு நின்ற தங்கையின் முகம் வெடுக்கென்று திரும்பியது. தேநீர் தரையில் சிந்தியது.

"கை வழுக்கிடுச்சு" என்றாள் தங்கை. அவன் சிரித்தான். "இவளுக்கு எப்பவும் அவசரம்க்கா."

டூப்பக்கா துணியெடுத்துத் துடைத்தாள். அவன் கை தங்கையின் பக்கம் வரவேயில்லை. ஆனால் முகம் திரும்பிவிட்டது.

அவன் போனதும் சமையலறையில் தங்கையின் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். தோளுக்குக் கீழே நாலு விரல் பதிந்த கன்றல், ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. காதுக்குப் பின்னால், முடிக்குள், ஆறிக்கொண்டிருந்த ஒரு வெட்டு.

"எத்தனை தடவைடி?"

"சும்மா இரு அக்கா. கடையில ஒரு கஸ்டமர்கிட்ட சிரிச்சுப் பேசிட்டேன். அதைப் பார்த்துட்டாரு."

"அதுக்கு?"

"அவருக்கு என்மேல உயிரு. அதான் தாங்க முடியல. அப்புறம் எப்படி அழுதாரு தெரியுமா? அவரே மருந்து வாங்கிட்டு வந்து, அவர் கையாலயே போட்டுவிட்டாரு."

"என்னடி, சீரியல் வசனம் பேசுற?"

தங்கைக்கு முகம் சிவந்தது. "நீ வாங்குறப்ப இந்த மாடியே கை தட்டுது. நீயும் வந்து ஒக்காந்து, 'எப்படி விழுந்தேன் பாரு'ன்னு எனக்கே காட்டுற. நான் வாங்குனா மட்டும் அது அடியா?"

டூப்பக்கா ஏற்றிய சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "கல்யாணத்தைத் தள்ளி வைப்போம். நான் அவன்கிட்ட பேசுறேன்" என்றாள்.

"நானே சொல்லிக்கிறேன்" என்று தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அடுத்த வாரத்துக் களிம்புக்கான அடி. டூப்பக்கா இயக்குநரிடம் போய் நின்றாள். "சார், இந்த ஒரு தடவையாவது அந்தப் பொண்ணு எந்திரிச்சு வீட்டை விட்டுப் போகட்டுமே."

"போயிட்டா அப்புறம் யாரைக்கா அடிக்கிறது?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நாயகன் கை தூக்கினான். அவள் நினைவு வேறெங்கோ இருந்தது. கை கன்னத்தில் முழுதாக இறங்கியது. பல்லில் உதடு கிழிந்தது. இடது காதுக்குள் கொய்யென்று இரைந்தது. "சாரிக்கா, ஒரு வேகத்துல வந்துடுச்சு" என்றான் அவன். இயக்குநர் திரையைப் பார்த்துக்கொண்டே, "இதான் பெஸ்ட்டு!" என்றார்.

சாயங்காலம் வீங்கிய வாயோடு படியேறினாள். மூன்றாம் மாடிக்கு வந்தபோது எல்லாக் கதவுகளும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருந்தன. நடுவில் நீண்ட வராந்தா. மெக்கானிக், தங்கையின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு செருப்பு அங்கே, ஒரு செருப்பு இங்கே.

"தள்ளி வைக்கணுமாம்ல? இன்னைக்கே கட்டுறேன் வாடி! நீ இல்லாம நான் செத்துருவேன்டி!"

"அவன் மணிக்கட்டைப் புடிடி!" என்று கத்தினாள் டூப்பக்கா. "ரெண்டு கையாலயும் தொங்கு! பாரம் கைக்குப் போயிரும், முடி வலிக்காது!"

தங்கை பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தன் முகத்தைத்தான் மூடிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் நின்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று. வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

டூப்பக்கா குறுக்கே போய் விழுந்தாள். அவன் ஓங்கி அறைந்தான்.

அவள் விழுந்தாள். தோளை முதலில் கொடுத்து, தலையைக் காத்து, ஒரு சுற்று உருண்டு, கச்சிதமாக விழுந்தாள். இத்தனை வருடத்தில், அறைக்குப் பிறகு செய்ய இந்த உடம்பு கற்றது அது ஒன்றுதான். விழுந்த இடத்தில் அசையாமல் கிடக்கவும் செய்தாள். யாரும் "கட்" என்று சொல்லவில்லை. தங்கையின் குதிகால் தரையைத் தேய்க்கும் சத்தம் படிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எழுந்தாள். இந்த முறை அவன் அவளைக் காலால் உதைத்தான். மறுபடி விழுந்தாள், மறுபடி எழுந்தாள்.

"கொஞ்சம் பொறு டூப்பு" என்றாள் தையல்காரம்மா, கதவைப் பாதி பிடித்தபடி. "கோவம் அடங்குனா அவனே சமாதானம் பண்ணுவான். நீ நடுவுல போகாத."

மூன்றாவது தடவை அவன் கை ஓங்கியபோது டூப்பக்கா முகத்தைத் திருப்பவில்லை. அறையை வாங்கிக்கொண்டே கூந்தல் சுற்றியிருந்த கையைப் பிடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, சதையுள்ள இடத்தில், கடித்தாள். அவன் அவள் தலையில் குத்தினான். கடித்தாள். முதுகில் குத்தினான். பல் எலும்பில் போய் முட்டியது. கிழிந்த உதட்டின் ரத்தமும் அவன் ரத்தமும் ஒன்றாக வாய்க்குள் இறங்கின. அவன் ஊளையிட்டுக் கையை உதறினான். கூந்தல் விடுபட்டது. ஒரு கொத்து முடி அவன் விரல்களிலேயே தங்கிவிட்டது.

தங்கையை அள்ளித் தூக்கவெல்லாம் நேரமில்லை. கக்கத்தில் கைகொடுத்து இழுத்து, வீட்டுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு பேருமாக அலமாரியை நகர்த்திக் கதவில் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள்.

வெளியே அவன் அழத் தொடங்கினான். "தப்புதான்டி. என்னை மன்னிச்சுடு. பாரு, எனக்கும் ரத்தம் வருது. நீ வந்து கட்டுப் போட்டாதான் நான் போவேன்."

தங்கை எழுந்தாள். "அக்கா, அழறாருக்கா."

டூப்பக்காவுக்குப் பேச வாய் இல்லை. வீங்கி மூடிக்கொண்டிருந்தது. தங்கையின் கை அலமாரிக்குப் பின்னால் தாழ்ப்பாளைத் தேடிப் போவதைப் பார்த்தாள். பிடித்து இழுக்கலாம். இழுத்தால் எத்தனை நாள் இழுத்துக்கொண்டே இருப்பது?

"உயிரே, திறடி" என்று அவன் விம்மினான். விம்மிக்கொண்டே கதவை உதைத்தான். அலமாரி அதிர்ந்து உள்ளே பாத்திரம் உருண்டது. மறுபடி உதைத்தான். அழுகையும் நிற்கவில்லை, உதையும் நிற்கவில்லை. முதலில் அடி, அப்புறம் அழுகை என்றில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

தாழ்ப்பாள்மேல் இருந்த கை நின்றது. தங்கை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உதைக்கும் அவள் முகம் விசுக்கென்று ஒதுங்கியது. அதை அவளே கவனித்திருக்க வேண்டும். இடது கையால் தன் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். வலது கையால் போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டாள். தெருவைச் சொன்னாள், வீட்டைச் சொன்னாள்.

"அடிச்சது யாருன்னு கேக்குறாங்கக்கா" என்றாள் திரும்பி.

டூப்பக்கா அவளையே பார்த்தாள்.

"நான் கட்டிக்க இருந்த ஆளு" என்றாள் தங்கை போனில், மெல்ல. அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். உதை ஒரு கணம் நின்றது. வராந்தாவில் கதவிடுக்குகளில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது.