நடுவில் நிற்காத விரல்

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஃபைனல் செக்கிங் பார்க்கிறார் அமானுல்லா. ஒரு தையல் விட்டிருந்தாலும், கழுத்துப் பட்டி அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் பீஸ் அவர் கையைத் தாண்டாது. கோபித்துக்கொள்ளவும் மாட்டார். "ஆல்டருக்குப் போட்டிருங்க கண்ணு" என்று சிரித்தபடியே பிரித்துத் தைக்க ஒதுக்கிவிடுவார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே டெய்லர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட மனுஷருக்கு கிட்டார் பைத்தியம். பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து மீட்டும் கார்டுகளையும், கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டும் ஆர்பெஜியோவையும் ஏழு வருஷமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்துவந்தார். ஒரே ஒரு ஆசைதான்: ஒரு தடவையாவது மேடையில் நாலு பேரோடு உட்கார்ந்து வாசித்துவிட வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் சனிக்கிழமை சாயங்காலம் ப்ளூஸ் என்னும் சோக இசை வாசிக்கும் குழுவுக்கு கிட்டார் ஆள் தேவை என்று தெரிந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆளெடுக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. நாற்பத்தொரு வயதுக்கு மேல் இன்னொரு வாய்ப்பு தேடிக்கொண்டு வரவா போகிறது?

செல்போனில் பாடம் பார்த்தார். ஏ செவன்த் கார்டைப் பிரித்து வாசிக்கும்போது, சி ஷார்ப் என்னும் ஸ்வரம் வரும் இடத்தில் நேராக அதில் இறங்கக் கூடாதாம். அதற்கு ஒரு கட்டை கீழே இருக்கும் சி-யைத் தொட்டு, தந்தியைக் கொஞ்சமாய்த் தள்ளி, இரண்டுக்கும் நடுவிலேயே விட்டுவிட வேண்டுமாம். ப்ளூஸ் இருப்பதே அந்த நடுவில்தான் என்றார் பாடம் நடத்தியவர்.

அமானுல்லாவுக்கு அது மட்டும் வரவில்லை. கிட்டாரின் தலையில் எப்போதும் ட்யூனர் மாட்டியிருப்பார். சுருதி சரியென்றால் பச்சை, விலகினால் சிவப்பு. நடுவில் நிறுத்தினால் சிவப்பு எரிந்தது. சிவப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற ஆளா அவர்? பச்சை வரும்வரை தந்தியைத் தள்ளினார்.

ஒரு நாள் அவர் மனைவி அஜீஸுன்னிசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நடுவுல ஒரு எடத்துல அழுகறாப்பல வந்துச்சே. அங்கயே உட்டா என்ன?"

"அது தப்பு நோட்டு அஜீஸு."

"தப்பா இருந்தா என்னங்க, நல்லாருந்துச்சே!"

அவருக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. மறுநாள் ட்யூனரைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தார். அவருடைய காது ட்யூனரைவிடக் கறாராக இருந்தது. மூன்று மாதமும் மனம் நிறுத்து நிறுத்து என்றது, விரல் ஒரு தடவையும் கேட்கவில்லை.

ஆளெடுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழுவை நடத்தும் திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அமானுல்லா ஒரு இடம்கூடப் பிசகவில்லை. கார்டுகள் சுத்தம், தாளம் சுத்தம். அந்த இடம் வந்தபோதெல்லாம் விரல் தானாகப் போய் சி ஷார்ப்பில் நின்றது. அடுத்து வாசிக்க வந்த அக்ஷரா என்ற பெண் இரண்டு கார்டைத் தவறவிட்டாள். ஆனால் அந்தத் தந்தியை அவள் பாதியில் விட்டபோது அஜீஸு சொன்ன அந்த அழுகை அமானுல்லாவுக்குக் கேட்டது. தன்னை எடுக்க மாட்டார்கள் என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆளெடுக்கும் இடத்தில் அவரே இருந்திருந்தாலும் தன்னை எடுத்திருக்க மாட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க," என்றார் திருமூர்த்தி. "ரொம்பச் சுத்தமா வாசிக்கறீங்க. அதுதான் கொஞ்சம்... உங்க காது தங்கம்ங்க. சனிக்கிழமை வந்து எல்லாத்து கிட்டாரையும் ட்யூன் பண்ணிக் குடுத்துட்டுப் போறீங்களா?"

"வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டார் அமானுல்லா. ஏன் சொன்னோம் என்று பஸ்ஸில் வரும்போது தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வாசலிலேயே நின்றிருந்தாள் அஜீஸுன்னிசா. "எடுத்துக்கிட்டாங்களா?"

"ம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

அவள் அவர் கையிலிருந்த கிட்டாரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நானும் வர்றேனுங்க. முன்னால உக்காந்து கேக்கோணும்" என்றாள்.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார். கழற்றி முடித்த பிறகும் நிமிரவில்லை.